தோற்றதைச் சொல்லாத வரவேற்புரை

மலேசியாவில், மலாக்காவின் செலண்டார் பக்கம் உள்ள ஒரு ரப்பர் தோட்டத்துக்கு இங்கிலாந்தின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வந்தார். அவருடைய அப்பா அங்கே பெரிய துரையாக இருந்தவர். பிறந்த இடத்தைப் பார்க்க மகனுக்கு ஆசை. மலாக்கா டவுனை ஒட்டிய தெங்கேராவில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கும் எனக்கு ஆங்கிலம் வரும் என்று, வரவேற்புரையையும் மொழிபெயர்ப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அவர் வாழ்க்கையை இணையத்தில் தேடிப் படித்தேன். இரும்பாலைத் தொழிலாளி, சங்கத் தலைவர், இரண்டு தவணை உறுப்பினர், மூன்றாவது தேர்தலில் படுதோல்வி. தோல்வியை மட்டும் வெட்டிவிட்டேன். பொன்னாடை போர்த்தும் இடத்தில் போய்த் தோற்ற கதையைச் சொல்வார்களா? அதோடு, நாடாளுமன்றம் போய்வந்தவரை நாங்கள் சாகும்வரை ‘ஒய்பி’, அதாவது மாண்புமிகு, என்றுதான் கூப்பிடுவோம். “இங்கிலாந்து ஒய்பி அவர்களே” என்று கோயில் மண்டபத்தில் முழங்கினேன். கைதட்டல் அடங்க நேரமானது. எனக்குப் பெருமை வேறு.

அப்போதுதான் ரப்பர் மரம் சீவும் அக்கா ஒருவர் ஒரு தாளோடு முன்னால் வந்தார். தோட்டம் கைமாறியிருந்தது. தோட்டத்து லைன் வீட்டைக் காலி செய்யச் சம்மதித்து அந்தத் தாளில் அன்று ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட்டால் புக்கிட் ரம்பாயில் ஓர் அடுக்குமாடி வீடு கிடைக்கும். இல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது. மணி நாலரை.

“நான் இன்னும் சைன் பண்ணல தம்பி. ஒய்பி ஒரு லெட்டர் குடுத்தா போதும் லா, நம்ம லைன் வீட்ட ஒருத்தன் தொட முடியாது. கேட்டுச் சொல்லு.”

மொழிபெயர்த்தேன். விருந்தாளியின் முகம் வெளுத்துவிட்டது.

“நான் தோற்றுப்போனவன் என்று இவர்களிடம் நீங்கள் சொல்லவில்லையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இல்லை” என்றேன், தலையைக் குனிந்தபடி.

“எங்கள் ஆலையை மூட விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதை நம்பி எத்தனையோ பேர் வேறு வேலை தேடாமல் இருந்தார்கள். ஆலையை மூடிவிட்டார்கள். அதனால்தான் தோற்றேன். இப்போதே சொல்லுங்கள்.”

மைக்கை எடுத்தேன். “அக்கா, இவரு இப்ப ஒய்பி இல்ல. எலெக்‌ஷன்ல தோத்துட்டாரு. இவரு லெட்டர் குடுத்தாலும் இங்க செல்லாது. நான்தான் மறைச்சிட்டேன்.”

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

“பேனா இருக்கா தம்பி?”

கொடுத்தேன். மூன்று பிள்ளைகளை வளர்த்த வீட்டை நின்றபடியே எழுதிக் கொடுத்துவிட்டு, பேனாவை என் கையில் திணித்து, தாளோடு தோட்ட ஆபீஸ் பக்கம் ஓடினார்.

நிமிர்ந்து பார்த்தேன். பேனாவுக்காக இன்னும் பதினொரு பேர், ஆளுக்கொரு தாளோடு, வரிசையில் நின்றார்கள்.