புகைக்கு வந்த சண்டை

கோடையில் இரண்டு நாட்கள், ஒஸ்லோவின் கடலோர இடிபாடுகளுக்குப் பக்கத்தில், எழுநூறு வருடத்துக்கு முந்தைய தெரு ஒன்றை எழுப்புவார்கள். மூன்று எட்டு வைத்தால் கடந்துவிடலாம், அவ்வளவு ஒடுக்கமான பலகைத் தெரு. இரண்டு பக்கமும் கொல்லன், தச்சன், சாயக்காரி என்று நெருக்கியடித்த குடில்கள். அந்தக் காலத்து உடுப்போடு அங்கே குடியிருக்கத் தொண்டர்களைச் சேர்ப்பார்கள். பழைய பட்டினங்களில் சனம் எப்படிச் சீவித்தது என்று வாசிப்பதில் எனக்குப் பைத்தியம். போன வருடம் ஆசையோடு பெயர் கொடுத்தேன்.

கிடைத்த வேடம், கிழக்கிலிருந்து கப்பலில் வந்த வியாபாரி. பட்டுத் துணியோடு ஓரமாக நின்று சிரிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினேன். "முப்பது வருஷமா இதே ஒஸ்லோவிலை, ரொம்மனிலை இருக்கிறன். இன்னும் நான் கப்பலிலை வந்த ஆளோ?"

"நீர் ஏனப்பா கோவிக்கிறீர்? பட்டெண்டால் வடிவாத்தானே இருக்கும்" என்றார் கணவர்.

"உங்கடை வடிவைக் கொண்டுபோய் அடுப்பிலை போடுங்கோ."

இந்த வருடம் முதல் ஆளாகப் போய், ஊர்க்காரியாக நிற்பதென்றால் வருகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டேன். சப்பாத்துத் தைப்பவரின் மனைவி ஆக்கினார்கள். வேலை, வாசலில் பார்லிக் கஞ்சி காய்ச்சுவது.

ஆனால் உடுப்பு மட்டும் போதவில்லை. பார்க்க வந்தவர்கள், "உண்மையில் நீங்கள் எந்த நாடு?" என்று கேட்டுக்கொண்டே கஞ்சி குடித்தார்கள். தெருவில் இருந்தவர்களும் விருந்தாளியைப் பார்ப்பதுபோலச் சிரித்தார்கள். எங்கள் மாடிக்கட்டடத்திலும் இதே கதைதான். கறி மணம் பிடிக்காவிட்டால்கூட முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், படிக்கட்டில் மரியாதையாக எழுதிய ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மத்தியானம் காற்றுத் திரும்பியது. விறகோ ஈரம். என் அடுப்புப் புகை முழுக்க எதிர்க்குடிலில் காய்ந்த கம்பளி நூலில் போய் அடைந்தது. சாயக்காரியாக இருந்தவள் ஓய்வுபெற்ற நோர்வேக்காரி. இருமிக்கொண்டு வெளியே வந்தாள்.

"காலையில் இருந்து பொறுத்துக்கொண்டிருக்கிறேன்! அடுப்பு மூட்டத் தெரியாதா உனக்கு? என் நூலெல்லாம் நாசம்!"

விடுவேனா? "நீ ஊற்றுகிற சாயத் தண்ணீரில் என் பாவாடைக்கரை ஊறிப் போயிருக்கிறது! தெரு என்ன உன் வீட்டுச் சொத்தா?"

எனக்கு அவ்வளவு நோர்வேஜிய மொழி தெரியும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். பத்து நிமிடம் ஒருவரையொருவர் கிழி கிழியென்று கிழித்தோம். கூட்டம் கூடியது. நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள். மாதாவே, அதில் ஒரு சொல்கூட நடிப்பில்லை! அதன் பிறகு கஞ்சி குடித்தவர்கள், "பிறகு எதிர்வீட்டுக்காரி என்ன சொன்னாள்?" என்றுதான் கேட்டார்கள்.

பின்னேரம் நூலைச் சுருட்டிக்கொண்டே அவள் திரும்பவும் முறைத்தாள். "நாளைக்காவது காய்ந்த விறகு கொண்டுவா."

"நீயும் தண்ணீரை அந்தப் பக்கம் ஊற்று" என்றேன்.

ரயிலேறி வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, இவ்வளவு சந்தோசம்?" என்று கேட்டார்.

"அங்கை ஒருத்தி என்னை வாய்க்கு வந்தபடி ஏசிப்போட்டாள்" என்றேன்.