ரவுட்டருக்கு வைத்த சந்தனப் பொட்டு

திங்கட்கிழமை காலை என் மனைவிக்கு நேர்காணல். ஷா ஆலத்தில் ஒரு நிறுவனம், வீடியோவில் பேசுவார்கள். எட்டு வருடம் பிள்ளைகளோடு வீட்டிலிருந்துவிட்டு அவள் போட்ட இரண்டாவது விண்ணப்பம் அது. முதல் நேர்காணலில் அவள் பேசப் பேசப் படம் உறைந்துபோய், அவர்கள் திரும்பக் கூப்பிடவே இல்லை. "லைன் நல்லாத்தான் இருக்கு, நீதான் பதற்றத்துல உளறியிருப்ப" என்று நான் சொல்லியிருந்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஆறு ஆண்டெனா வைத்த வைஃபை ரவுட்டரைப் பார்த்துப் பார்த்து வாங்கியவன் நான்.

"இந்தத் தடவ மேல் ரூமுக்கு ஒரு கேபிள் இழுத்துக் குடுங்க லா" என்றாள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து, பிரிக்பீல்ட்ஸில் நீளமான கேபிள் ஒன்றை வாங்கினேன். கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கு வரும்போதே கை பரபரத்தது. சும்மா இழுத்துக் கொடுப்பதா? போட்டி வைத்துப் பார்த்துவிட வேண்டும். கூடத்துக் கணினியிலிருந்து எங்கள் கல்யாண வீடியோவை மாடியிலிருக்கும் அவள் மடிக்கணினிக்கு அனுப்புவது. முதலில் வைஃபையில், பிறகு கேபிளில்.

வைஃபை ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. பதினான்கு நிமிடம். கேபிள் அதைவிட மோசம். தொடர்பு வந்து வந்து அறுந்து, இருபது நிமிடமாகியும் பாதியைத் தாண்டவில்லை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "பாத்தியா, காத்துல வர்றதே போதும்" என்று மாடிப்படியில் நின்று கத்தினேன்.

அவள் இறங்கி வந்து ரவுட்டரிலிருந்து கேபிளைப் பிடுங்கினாள். நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தாள்.

"சந்தனம்."

ஆயுத பூஜையன்று காருக்கு, மிக்சிக்கு, ரவுட்டருக்கு எல்லாம் பொட்டு வைத்தது நான்தான். ரவுட்டருக்கு எது முகம் என்று யோசித்து, கேபிள் சொருகும் துளைகள் கண் போலத் தெரிந்ததால் அந்தப் பக்கம் தாராளமாக அப்பியிருந்தேன். அது வழிந்து ஒரு துளைக்குள் காய்ந்து கிடந்திருக்கிறது.

"சாமிக்குக் கொறையில்லாமதான் செஞ்சிருக்கீங்க" என்றாள்.

நுனியைத் துடைத்து அடுத்த துளையில் சொருகினோம். திரையில் நீலக் கோடு அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, முழுக் கல்யாணமும் மாடிக்குப் போய்விட்டது. தோற்ற பிறகு இவ்வளவு குதித்தவன் நானாகத்தான் இருப்பேன். நம்ப முடியாமல் கேபிளை இன்னும் மூன்று தரம் ஓட்டினேன். வைஃபையையும் ஒரு தரம் ஓட்டினேன். அது நடுவில் இரண்டு இடத்தில் நின்றது.

அந்த நின்ற கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அன்னைக்கு நான் உளறல" என்றாள், மெதுவாக.

எனக்கு வெட்கமாக இருந்தது. "இல்ல. லைன்தான் உளறுச்சு. நான் சொன்னது தப்பு" என்றேன்.

திங்கட்கிழமை கேபிளை யாரும் மிதித்துவிடாதபடி மாடிப்படியில் காவல் உட்கார்ந்தேன். மூடிய கதவுக்குப் பின்னால், குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று யாரோ ஆங்கிலத்தில் கேட்டார்கள். கேட்கிறது என்று சொல்லிவிட்டு அவள் பேசத் தொடங்கினாள். முக்கால் மணி நேரம், ஓரிடத்திலும் அவள் நிற்கவில்லை.