ஆறு பேருக்கு ஆறு வரி

என் வீட்டுக்காரர் வெங்கிட்டுவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு முறை தவறினாலும் உடம்பில் நீர் ஏறி மூச்சு முட்டும். மட்டாஞ்சேரியிலிருந்து தேவராப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அவரையும் இன்னும் ஐந்து பேரையும் கொண்டுபோய்க் கொண்டுவருகிறவர் ஆட்டோக்காரர் இசக்கிதுரை. ஒரு நாள் மூன்று பேர், மறுநாள் மற்ற மூன்று பேர். பகவதி அனுப்பிய ஆள் என்றே நான் நினைப்பேன்.

அவர் போனில் வெறும் குறிப்புப் பக்கம் ஒன்று உண்டு. நிறமில்லை, படமில்லை, ஆளுக்கு ஒரு வரி. 'ஒச்சப்பன், மாடி, நாற்காலியில் வைத்து இறக்கணும்.' 'ஷபானா, திரும்பும்போது வாந்தி வரும், பை எடு.' இப்படி ஆறு வரி.

ஆஸ்பத்திரியில் தொண்டு செய்யும் சந்தீப் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டான்.

"இது பலசரக்கு லிஸ்ட்டா சேட்டா? நல்ல ஆப் ஒண்ணு வெச்சுத் தரட்டே?"

இசக்கிதுரை முகம் சுளிக்கவில்லை. உட்கார்ந்து கற்றுக்கொண்டார். புறப்படும் நேரத்துக்கு ஆப் மணியடிக்கும், வழி காட்டும், முடிந்த வேலையைத் தொட்டால் மறைந்துவிடும். ஒரு மாதம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு புதன்கிழமை, ஒச்சப்பனை ஆஸ்பத்திரியில் இறக்கியதும் 'முடிந்தது' என்று தொட்டுவிட்டார். பெயர் மறைந்தது. திரும்பக் கூட்டிவரும் நேரத்துக்கு மணியும் அடிக்கவில்லை. மற்ற இருவருக்கும் முன்பே சிகிச்சை முடிந்த ஒச்சப்பன், அவர்களுக்கு மணியடிக்கும்வரை வாசலில் ஒரு மணி நேரம் காத்துக் கிடந்தார்.

இசக்கிதுரை அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். என்னிடம் சொன்னது இதுதான்: "ஆப்பைச் சொல்லிக் குத்தமில்ல அக்கா. ஆளை இறக்கினா வேலை முடிஞ்சுதுன்னு என் விரலுக்கு ஒரு நெனப்பு."

அன்றே பழைய பக்கத்துக்குத் திரும்பினார். மணி பிடித்திருந்ததால் போனிலேயே அலாரம் மட்டும் வைத்துக்கொண்டார்.

ஆடி மாதம் அவருக்கு அதே ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷன் வந்தது. இரண்டு வாரம் வண்டி ஓட்டக்கூடாது. அவருடைய கூட்டாளி செல்லதுரை ஓட்டுகிறேன் என்றார். ஆனால் ஆறு பேர் உடம்பும் அவருக்கு எப்படித் தெரியும்? இருப்பதோ பட்டன் போன். அதில் ஆப் ஏறாது. சந்தீப் தன் பழைய போனைத் தருவதாகச் சொன்னான். தொட்டால் எதையாவது அழித்துவிடுவேன் என்று செல்லதுரை வாங்க மறுத்துவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், வார்டு கட்டிலில் படுத்தபடியே, இசக்கிதுரை அந்த ஆறு வரியையும் அப்படியே ஆறு மெசேஜாகச் செல்லதுரையின் பட்டன் போனுக்கு அனுப்பிவிட்டார்.

திங்கள் காலை செல்லதுரை எங்கள் வாசலில் நின்று பட்டன் போனில் வந்த வரியை இரண்டு தரம் படித்தார். டயாலிசிஸ் ஊசி குத்தும் கை வெங்கிட்டுவுக்கு இடது கை. பிடித்து இழுத்தால் நரம்பு பழுதாகும். நான் வாயைத் திறக்குமுன் அவர் வலப்பக்கம் வந்து நின்றார்.

"தோள்ல கையைப் போடுங்க அண்ணாச்சி. இடது கை நமக்கு வேண்டாம், அது ஊசிக்காரங்களுக்கு."

வெங்கிட்டு சிரித்துவிட்டார்.

அவரை மெஷினில் படுக்கவைத்தபின் மாடி ஏறி இசக்கிதுரையைப் பார்க்கப் போனேன். ஆபரேஷன் முடிந்து அப்போதுதான் வார்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நெற்றியில் பகவதி கோயில் சந்தனம் வைத்தேன். வலி எப்படி என்று நான் கேட்குமுன் அவர் கேட்டார்:

"மூணு பேரும் வந்தாச்சா அக்கா?"

"வந்தாச்சு," என்றேன்.

"நாளைக்கு மத்த மூணு பேர்," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.