செண்பகாதேவிக்கு ஏறிய முத்துச்செல்வி

முத்துச்செல்வி பிறந்தது ராயகிரியில், வாக்கப்பட்டது அச்சன்புதூரில். தென்காசியில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. அவள் ஊசி குத்தினால் வலி தெரியாது என்று வயதானவர்கள் அவளைத்தான் கேட்டு வருவார்கள். புகுந்த வீட்டில் மட்டும் அவளை மெச்ச ஒரு வாயும் இல்லை. போன ஆண்டு மூன்று மாதக் கரு கலைந்தது முதல் அந்த வாய்கள் இன்னும் கசந்துவிட்டன.

"பஸ்ஸுல குலுங்கிக் குலுங்கியே கரைச்சுட்டா" என்பது மாமியார் ஆவுடைத்தாயின் தீர்ப்பு. பஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா சொன்னது அந்தத் தீர்ப்பை அசைக்கவில்லை.

இப்போது அடுத்த கருவுக்கு ஐந்தாம் மாதம். இந்த வாரத்தோடு வேலையை விட்டுவிட வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்தார்கள், அவளைக் கேட்கவில்லை. கணவன் மகாராஜா போலீஸ்காரன். அம்மா சொல்வதையே இன்னும் உரக்கச் சொல்வான்.

கல்லூரிக் காலத்திலிருந்து முத்துச்செல்வியும் அவள் தோழிகள் ஸ்ரீமதியும் லோகநாயகியும் சித்திரைப் பௌர்ணமிக்குக் குற்றால மலையில் செண்பகாதேவி அம்மன் கோயிலுக்கு ஏறுவது வழக்கம். மற்ற நாளில் வனத்துறை அந்தப் பாதையை அடைத்து வைத்திருக்கும். இந்த ஆண்டும் போவேன் என்றாள் முத்துச்செல்வி. தினம் நடக்கிறவள்தானே, மெதுவாக ஏறு, வலித்தால் உட்கார்ந்துவிடு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மலை ஏறி நல்லபடியாக இறங்கியவளைப் பஸ் ஏறாதே என்று எவர் சொல்ல முடியும்? அதுதான் அவள் கணக்கு.

"அப்ப போ" என்றாள் ஆவுடைத்தாய். "போனவ திரும்ப இந்த வாசப்படி மிதிக்கப்படாது."

"அம்மா சொன்னது கேட்டுச்சா?" என்றான் மகாராஜா.

"தெருவுக்கே கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டினாள்.

சிற்றருவியைத் தாண்டி மரநிழலில் பாதை ஏறத் தொடங்கியதும் லோகநாயகி புலம்ப ஆரம்பித்தாள். "ஏட்டி, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உன் மாமியா எங்களையுமில்லா தூக்கிப் போட்டு மிதிப்பா."

"உன்னையத் தூக்க அவ்வொளால ஆகாது, நட" என்றாள் நர்ஸ் வேலை பார்க்கும் ஸ்ரீமதி.

பாதி வழியில் கைப்பேசி ஒலித்தது. மகாராஜா அடிவாரத்தில் வண்டியோடு நின்றான்.

"இப்ப எறங்குதியா, இல்ல நான் வரவா?"

"வாங்க" என்றாள் முத்துச்செல்வி.

அவன் வரவில்லை, வரவும் முடியாது. மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கணவன் முடி வெட்டக்கூடாது, பிணம் தூக்கக்கூடாது, மலை ஏறக்கூடாது. ஆவுடைத்தாய் இதில் இம்மியும் விட்டுக்கொடுக்கமாட்டாள். இன்ஸ்பெக்டரிடம் வசவு வாங்கியும் அவன் தலைமுடி காதை மூடி வளர்ந்து கிடந்தது. மலைக்குப் போகக்கூடாது என்று மகனை நாள்தோறும் எச்சரித்தவளுக்கு, பிள்ளைத்தாய்ச்சியே மலை ஏறக் கிளம்புவாள் என்று முன்பு தோன்றவேயில்லை.

சற்று நேரத்தில் அவன் சித்தப்பா மகன் சங்கரபாண்டி மூச்சு வாங்க ஏறி வந்து பாதையை மறித்தான்.

"மதினி, அண்ணன் கீழ நிக்கான். பேசாம வாங்க."

"அவ்வொளையே வந்து கூப்பிடச் சொல்லு."

"அவன் எப்படி வருவான்? நீங்க முழுகாம இருக்கியள்லா."

ஸ்ரீமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சங்கரபாண்டியின் முகம் கறுத்தது. "சிரிங்க. பெரியம்மா சொன்னது சரிதான். போன புள்ளையத் தின்ன மூதி, இதையும் தின்னுட்டுதான் எறங்குவா."

அந்த நேரம் பார்த்து முத்துச்செல்வியின் அடிவயிறு கல்லாக இறுகியது. இவன் முன்னால் உட்கார்ந்தால் தோற்றதாகிவிடும் என்று ஒரு நொடி நின்றாள். பிறகு பாறையில் உட்கார்ந்தாள்.

"பாத்தியளா" என்றான் சங்கரபாண்டி.

"பாரு, நல்லாப் பாரு" என்றாள் அவள். "வலிச்சா உக்காருவேன். வலி நிக்கலன்னா எறங்குவேன். அதைச் சொல்ல நீ வேண்டாம்."

ஸ்ரீமதி தண்ணீர் கொடுத்து, அவள் வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தாள். இறுக்கம் மெல்லத் தளர்ந்தது, மறுபடி வரவில்லை. உதிரமும் இல்லை. லோகநாயகி இறங்கிவிடலாம் என்று கெஞ்சினாள். இன்னும் கொஞ்ச தூரம்தான், இதே போல உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம் என்றாள் ஸ்ரீமதி. முத்துச்செல்வி எழுந்து சங்கரபாண்டியைச் சுற்றிக்கொண்டு மேலே நடந்தாள். பிள்ளைத்தாய்ச்சியைக் கை தொட்டு நிறுத்த அவனுக்குத் துணிவில்லை.

அருவியில் நூலளவு தண்ணீர் விழுந்தது. அவள் அம்மனிடம் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. குங்குமத்தை வாங்கி மடித்துக்கொண்டு இறங்கினாள். இறக்கத்தில் லோகநாயகி ஒரு கையையும் ஸ்ரீமதி மறு கையையும் பிடித்திருந்தார்கள்.

அடிவாரத்தில் மகாராஜா அவள் வயிற்றைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை.

"வண்டியில ஏறு."

"வாசப்படி மிதிக்கப்படாதுன்னாங்களே. எங்கன எறக்கி விடுவீங்க?"

"அம்மாட்ட நீயே கேளு" என்று கைப்பேசியை நீட்டினான்.

"அத்தே, எறங்கிட்டேன். புள்ள நல்லாருக்கு" என்றாள் முத்துச்செல்வி. "திங்கக்கெழமையிலேருந்து பஸ்ஸுல வேலைக்குப் போவேன். சம்மதம்னா வீட்டுக்கு வாரேன். இல்லன்னா இப்படியே ராயகிரிக்குப் போறேன். புள்ளையும் அங்கனயே வளரும்."

வீட்டின் முதல் பேரப்பிள்ளை அது; ராயகிரியில் வளர விட ஆவுடைத்தாய்க்கு மனமில்லை.

"கண்ட தீட்டோட முன்வாசல்ல நுழையாத" என்றாள் கடைசியில். "கொல்லை வழியா வந்து குளிச்சுட்டு உள்ள வா."

வேலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

"என்ன சொல்லுதா?" என்றான் மகாராஜா.

"மெதுவா ஓட்டச் சொன்னாங்க" என்று பொய் சொல்லிவிட்டு முத்துச்செல்வி பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை அவளுக்கென்று யாரும் உலை வைக்கவில்லை. பழைய சோற்றைக் குடித்துவிட்டுத் தென்காசி பஸ்ஸுக்குப் போனாள். நிறுத்தம் வரைக்கும் மகாராஜா பத்தடி பின்னால் நடந்து வந்தான். பஸ் வந்ததும் கண்டக்டரைப் பார்த்து, "முன்னால சீட்டு குடுப்பா, குலுங்காது" என்றான். முத்துச்செல்வி திரும்பிப் பார்க்காமல் ஏறினாள்.