தண்ணீருக்கும் நிறம் வந்த நாள்

எங்கள் இஸிக்-கோல் ஏரி எந்தப் பனிக்காலத்திலும் உறைவதில்லை. உப்பு, ஆழம் என்று படித்தவர்கள் ஏதேதோ சொல்லிவிட்டுப் போகிறார்கள். கரையோரப் பள்ளியில் வேதியியல் நடத்தும் செயில்கானின் கோபச் சூடுதான் காரணம் என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்து கிடையாது. ஒருமுறை அவள் கரையில் நின்று கத்தியதில் மீன்கள் பாதி வெந்து மிதந்தன. பொறுக்கி வந்து தின்றவர்கள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கோபக்காரிக்குக் கை மட்டும் பூப்போல. வடிதாளை நறுக்கி, மெழுகால் சின்ன வட்டம் போட்டு, அதற்குள் செம்பு கலந்த மருந்தைச் சொட்டி உலர்த்துவாள். வெளிர்நீலமாகக் காயும். அதில் பழச்சாறு ஒரு சொட்டு விட்டால் மஞ்சளாகும், ஆரஞ்சாகும். நிறம் ஏற ஏற, உடம்பைத் துருப்பிடிக்காமல் காக்கும் ஆன்டி ஆக்ஸிடன்ட் சத்து கூடுதல் என்று பொருள். செலவோ ஒரு துண்டு ரொட்டிக்குக்கூட வராது.

அந்த இலையுதிர் காலத்தில், பள்ளிப் பிள்ளைகள் பனிக்காலம் முழுக்க எந்தச் சாறு குடிப்பது என்று முடிவு செய்ய எசென்பெக் என்ற மாவட்ட அதிகாரி வந்தான். ஒரு பக்கம், ஊர்ப் பெண்கள் சிச்சிர்கனாக் என்னும் ஆரஞ்சுப் பழப் புதரின் முள்ளில் கை கிழிபட்டுப் பறித்துப் பிழிந்த பழச்சாறு. மறுபக்கம், ஆலை முகவர் தல்கத் கொண்டுவந்த, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு பாட்டில்கள். காகிதம் சொல்லட்டும் என்றாள் செயில்கான்.

வழக்கம்போல் முதலில் வெறும் தண்ணீரைச் சொட்டினாள். தண்ணீர் ஆரஞ்சானது.

தல்கத் விழுந்து விழுந்து சிரித்தான். அக்காவை நாங்கள் எஜே என்போம்; அவனும் அப்படித்தான் கூப்பிட்டான். "எஜே, ஏரியவே பாட்டில்ல அடைச்சு வித்துடலாமே! பழம் எதுக்கு, ஆலை எதுக்கு?"

செயில்கான் காகிதத்தை மோந்து பார்த்தாள். பெண்களுக்குத் தலைவியான தன் நாத்தனார் குண்டூஸ் பக்கம் திரும்பினாள்.

"குண்டூஸ் எஜே, என்ன பண்ணி வச்சீங்க?"

"என்னத்தப் பண்ணிட்டேன்? கண்ணு படக்கூடாதுன்னு காலைல அர்ச்சா மரக் கிளைய கொளுத்திப் புகை காட்டினேன். தொட்டிலுக்குக் காட்டுறோம், புது மாட்டுக்குக் காட்டுறோம், உன் காகிதம் என்ன ஒசத்தியா?"

"அந்தப் புகையிலயும் பழத்துல இருக்கிற அதே சரக்குதான் இருக்கு! காகிதம் அதக் குடிச்சிட்டு உக்காந்திருக்கு. இனி நாய் நக்கினாலும் ஆரஞ்சுதான் வரும்!"

குண்டூஸ் அவள் காதோரம் குனிந்தாள். "கத்தாதடி. நம்ம பழச்சாத்த ஊத்து. இன்னும் நல்லா செவக்கும். ஜெயிச்சிட்டுப் போவோம்."

"பொய்க் காகிதத்தில ஜெயிக்கவா நான் பொறந்தேன்?"

காகிதங்களைக் கட்டோடு குண்டூஸ் வீட்டு அடுப்பில் போட்டாள். பெண்கள் "ஐயோ" என்று வாயில் அடித்துக்கொண்டார்கள். எசென்பெக் எழுந்தான். "காகிதம் இல்லேன்னா என்ன எஜே, பாட்டிலப் பாத்தே முடிவு பண்ணிட்டுக் கெளம்புறேன்."

"கெடுத்தது நீங்க," என்றாள் செயில்கான் குண்டூஸிடம். "புதுசு காயுற வரைக்கும் இவனப் பிடிச்சு வைக்கிறதும் நீங்கதான்." பள்ளி ஆய்வகத்துக்கு ஓடினாள்.

பிடித்து வைக்க எங்கள் பெண்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? அவித்த ஆட்டுத்தலையை எசென்பெக் முன் வைத்தார்கள். தலை வைக்கப்பட்ட விருந்தாளி அதை அறுத்து, காதைச் சிறுசுகளுக்கும் கண்ணைப் பிரியமானவருக்கும் பங்கு வைக்காமல் எழ முடியாது. கத்தியை மழுங்கலாகப் பார்த்துக் கொடுத்தார்கள். தேநீரை மரியாதைப்படி அடிக்கிண்ணம் மட்டும் ஊற்றி, காலியாக ஆக நிரப்பினார்கள். அன்று அவன் குடித்ததில் ஏரி ஒரு சாண் இறங்கிப்போனது.

"நேரமாச்சு," என்று நெளிந்தான் தல்கத்.

"ஏன் பைக்கே, ஏன் அண்ணே, தலையப் பாதியில விட்டுட்டு எழுந்திரிக்கிறதுதான் உங்க ஊர் மரியாதையா?" என்றாள் குண்டூஸ்.

செயில்கான் புதுக் காகிதங்களோடு வந்தாள், மருந்து போட்ட தாளும் போடாத வெறுந்தாளுமாக. தண்ணீர்ச் சொட்டில் வெளிர்நீலம் அசையவில்லை. ஊர்ச் சாறு வெறுந்தாளில் லேசாக மஞ்சள் பூசியது. மருந்துத்தாளில் ஆரஞ்சாகக் கொழுந்துவிட்டு எரிந்தது. ஆலைச் சாறு இரண்டிலும் அதே ஆரஞ்சு, கூடவும் இல்லை குறையவும் இல்லை.

"பாத்துக்கோ தம்பி. மருந்தே இல்லாத தாள்லயும் அதே நெறம். வெறும் சாயம்!"

எசென்பெக் தொண்டையைக் கனைத்தான். "சரி எஜே. யாருக்கும் மனக்கஷ்டம் வேணாம். ஒரு நாள் உங்க சாறு, ஒரு நாள் அவங்க சாறு."

"ஒரு நாள் பழம், ஒரு நாள் சாயமா? உன் பிள்ளைக்கு எந்த நாள்னு சொல்லிட்டுப் போ!"

எசென்பெக் தேநீர் போதும் என்று கிண்ணத்தின் வாயை உள்ளங்கையால் மூடினான். "இவங்க சாறுதான்," என்றான், தல்கத்தைப் பார்க்காமல்.

பெண்கள் ஆர்ப்பரித்தார்கள். செயில்கான் மட்டும் அசையவில்லை. "இந்தச் சாயத் தண்ணிய ஏற்கெனவே எந்தப் பள்ளிக்கூடம் குடிக்குது?"

எசென்பெக் தரையைப் பார்த்தான். "மேற்குக் கரையில... வசந்தத்திலேர்ந்து."

மீந்த காகிதங்களை வாரிப் பைக்குள் திணித்துக்கொண்டு, அவனுடைய வண்டியின் முன்னிருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

"என்ன பாத்துட்டு நிக்கிற? வண்டிய எடு!"