கதவோரத்து நாற்காலி

கண்ணாடி அக்கா வகுப்பறை வாசலைப் பார்த்துக்கொண்டே மூக்குக்கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கிறார். அவருடையது அல்ல, அவருக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. பக்கத்தில் இருக்கும் மாணவன் வழக்கம்போலக் கழற்றிக் கொடுத்தது. துடைத்து, காதில் மாட்டும் கம்பியைக் கட்டைவிரலால் லேசாக வளைத்து, "போட்டுப் பாரு. இனிமே மூக்குல இறங்காது" என்று திருப்பிக் கொடுக்கிறார். கண் மட்டும் வாசலை விட்டு நகரவில்லை. இதோ ஒருத்தி வந்துவிட்டாள். பின்னாலேயே இன்னொருவன். இன்றைக்கும் எல்லோரும் வந்து தொலைக்கிறார்களே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

பகலில் கண்ணாடிக் கடையில் வேலை. முகத்தைப் பார்த்ததும் எந்த ஃப்ரேம் பொருந்தும் என்று கை தானாகவே எடுத்துவிடும். "இது எனக்கு நல்லா இருக்கா?" என்று கேட்டால், நல்லா இல்லை என்றால் நல்லா இல்லைதான். முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கோணலாக நிற்கும் கண்ணாடியைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு நாள் பாடத்தின் நடுவில் பொறுக்கமாட்டாமல் எழுந்து போய், "மேடம், ஒரு நிமிஷம்" என்று பேராசிரியையின் கண்ணாடியைக் கழற்றிச் சரிசெய்து மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். பேராசிரியை, "அட, எழுத்தெல்லாம் நேரா தெரியுதே!" என்றார்.

கடை முடிந்ததும் கல்லூரி. ஆங்கிலத்தை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக எடுத்து, பருவத்துக்கு ஒன்று இரண்டு தாளாக முடித்து வருகிறார். புரியாத பழைய கவிதைகளோடு மல்லுக்கு நின்றார். நாடகம், மொழியின் வரலாறு, விமர்சனம் எல்லாவற்றையும் எப்படியோ தாண்டிவிட்டார். மிச்சம் கடைசி செமினார் ஒன்றுதான். ஒரே நூலைப் பருவம் முழுக்க அலசி ஆராய்ந்து, நீளமாகக் கட்டுரை எழுதி, எல்லோர் முன்னாலும் நின்று வாசிக்க வேண்டும். மைனராக, துணைப் பாடமாகப் படிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மேஜருக்கு இது இல்லாமல் பட்டம் இல்லை. அது நடப்பதோ இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. பதினைந்து பேருக்கு மேல் சேர்க்கவும் மாட்டார்கள்.

ஃபோனில் பெயர் பதிய வேண்டிய அன்று காலையில் ஒரு பெரியவர் கடைக்கு வந்துவிட்டார். எந்த ஃப்ரேமை மாட்டினாலும், "என் முகம் மாதிரியே இல்லையே" என்றார். அவரைப் பாதியில் விட்டுவிட்டு ஃபோனை நோண்ட அக்காவுக்கு மனசு வரவில்லை. பெரியவர் திருப்தியாகப் படியிறங்கிய பிறகு பார்த்தால் எல்லா இடமும் போய்விட்டது. அக்காவின் பெயர் வெயிட்டிங் லிஸ்டில், முதல் ஆளாக. "பரவால்ல, முதல் ஆள்தானே" என்றார் கணவர். "முதல் ஆளா இருந்து என்னங்க பண்றது? யாராவது எழுந்தாத்தானே நான் உக்கார முடியும்?"

ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை வேலைக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வரும் கல்வியாண்டில் பட்டத்தோடு வந்து சேர வேண்டும். மைனர் போதாது, மேஜர்தான் வேண்டும். இரண்டு வருடம் காத்திருக்க அந்தப் பள்ளிக்கு என்ன தலையெழுத்தா? நாற்பத்து மூன்று வயதுக்காரியை இன்னொரு தடவை யார் கூப்பிடப் போகிறார்கள்?

பேராசிரியையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, கதவோரத்தில் கூடுதலாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்கிறார். இவர் இன்னும் சேராதவர் என்பது மற்ற யாருக்கும் தெரியாது. அக்காவும் சொல்லிக்கொள்ளவில்லை. யாராவது இருமினால் அவருக்குள் ஒரு சின்ன நம்பிக்கை துளிர்க்கும். அடுத்த கணமே, "சீ, என்ன புத்தி இது!" என்று தன்னையே திட்டிக்கொண்டு, பையிலிருந்து இருமல் மிட்டாயை எடுத்து நீட்டுவார். போன வாரம் ஒருவன் தலைவலி என்று கிளம்பியபோது தைலமே கொடுத்தார். மறுநாள் அவன் முதல் ஆளாக வந்து, "தேங்க்ஸ்க்கா, சூப்பரா போயிடுச்சு" என்றான்.

இன்று கடைசி நாள். யாராவது விலகுவதென்றால் அலுவலகம் பூட்டுவதற்குள் விலக வேண்டும். வகுப்பில் என்ன பேசினார்கள் என்று கேட்டால் அக்காவுக்கு ஒரு வரி நினைவில்லை. மணி அடித்ததும் தலைகுனிந்து படியிறங்கியவரை ஒரு குரல் நிறுத்தியது. வகுப்பிலேயே சின்னவள், வாயே திறக்காதவள். யாருக்கு என்ன குழப்பம் என்றாலும் அக்காவிடம்தான் வருவார்கள். இவளும் வந்துவிட்டாள்.

"அக்கா, நான் இந்த செமினாரை விட்டுடலாம்னு பாக்கறேன். மைனரா மாத்திக்கிட்டா இது தேவையே இல்லை. எல்லார் முன்னாடியும் நின்னு கட்டுரை படிக்கணும்னு நினைச்சாலே கை காலெல்லாம் உதறுது. ராத்திரி தூக்கமே வர்றதில்லை. நீங்க சொன்னா சரியா இருக்கும். விட்டுடட்டுமா?"

அக்காவுக்கு "விட்டுடும்மா" என்ற சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. உடம்பை விடப் படிப்பு பெரிதா, மைனரும் படிப்புதானே, பயந்து பயந்து எதற்குப் படிக்க வேண்டும்... எவ்வளவு நல்ல நல்ல காரணங்கள்! எல்லாமே அன்பாகத்தான் இருந்தன. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. சரி, விடாதே என்று சொல்லலாம் என்றால், அதுவும் யாருக்காகச் சொல்கிறோம், தன்னை நல்லவள் என்று தானே மெச்சிக்கொள்ளவா என்று ஒரு சந்தேகம். யார் முகத்துக்கும் நேரே பதில் சொல்கிறவர், இந்த முறை கைப்பிடிச் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"என்னைக் கேக்காதம்மா. வேற யாரை வேணும்னாலும் கேளு."

"ஏன்க்கா?"

"நீ எழுந்தா அந்த இடத்துல உக்காரப் போறவ நான்தான்."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க சேரலையா? தினமும் வர்றீங்களே!"

"வந்து உக்காந்திருக்கேன், அவ்வளவுதான். இன்னிக்கு யாரும் விலகலைன்னா நாளையிலேருந்து வரமாட்டேன். எனக்கு இந்த இடம் வேணும், ரொம்ப வேணும். அதனால என் வாயிலேருந்து என்ன வந்தாலும் நீ நம்பாதே. நானே நம்ப மாட்டேன்." அக்கா அவள் பக்கம் திரும்பினார். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அன்னிக்கு உன் கட்டுரையிலேருந்து ரெண்டு பக்கம் காட்டினியே, அது நல்லா இருந்துது. நிஜமாவே நல்லா இருந்துது. இதைச் சொல்லாம விட்டா அப்புறம் எனக்குத் தூக்கம் வராது."

தாழ்வாரத்தின் கோடியில் அலுவலகத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊழியர் ஒருவர் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தார். சின்னவள் அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். ஒரு முடிவுக்கு வந்தவளாகப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"அப்படின்னா அக்கா, நான்..."

கண்ணாடி அக்கா கண்ணை இறுக மூடி, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்.