மல் துணியில் சயன்ஸ் பாடம்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். குற்றாலத்தில் குளிக்க வருகிற பெரிய மனிதர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் பிழைப்பைத் தொடங்கினேன். அதே குற்றாலத்தில், பேரருவிக்குப் போகிற பாதையில், எனக்கென்று பங்களாக்கள் எழும்பின. ஒருவன் தயவும் இல்லை. நான் முதுகு தேய்த்துவிட்ட வக்கீல்களே பிறகு என் பங்களாவில் இடம் கேட்டுக் கடிதம் போட்டார்கள். தென்காசி ஸ்டேஷனில் இறங்கி என்னைப் பற்றிச் சொன்னால் போதும், எந்த வண்டிக்காரனும் நேரே என் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவான்.

இதையெல்லாம் நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லாத ஒன்றைத்தான் இப்போது எழுதுகிறேன். என் மகள் ஒரு பரீட்சை எழுதினாள். அதைப் பற்றி.

அவளைப் படிக்கவைக்கும் ஆசை எனக்கு எங்கே பிடித்தது என்றால், ஒரு ஆடி மாதச் சாரலில். மதராஸிலிருந்து ஒரு லேடி டாக்டர் வந்து என் பங்களாவில் தங்கியிருந்தார். பக்கத்து அறையில் ஒரு ஜட்ஜ். நான் காப்பி கொண்டுபோனபோது அந்த அம்மாள் வராந்தாவுக்கு வந்தார். ஜட்ஜ் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அந்த அம்மாள் உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார். நான் தட்டோடு நின்று பார்த்தேன். என் வீட்டிலும் அப்படி ஒருத்தி வந்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எனக்கு இருந்தது ஒரே மகள்.

அவள் தென்காசியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரம் வரை படித்தவள். பெரியவளான பிறகு வீட்டோடு நிறுத்தியாயிற்று. டாக்டருக்குப் படிக்க முதலில் காலேஜில் சேர வேண்டும், காலேஜில் சேர மெட்ரிகுலேஷன் பாஸாக வேண்டும், அதைப் பெண்கள் வீட்டிலிருந்தே படித்துவிட்டு எழுதலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கேட்க வேண்டிய இடத்தில் கேட்கத் தெரிந்தவன் நான்.

ஆனால் அவளுக்கு ஒரு முறைப்பையன் இருந்தான். என் மனைவியின் அண்ணன் மகன். புளியங்குடியில் அவர்களுக்கு எலுமிச்சைத் தோட்டம். என் மச்சான் செய்தி கேட்டதும் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்.

"மாப்ளே, உமக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? எம் மருமவ ஊசியும் கையுமா ஊர் ஊரா அலையவா?"

"ஜட்ஜே எந்திரிச்சு நிக்காரு மச்சான். நான் கண்ணால பாத்தேன்."

"நிக்கட்டும். அப்புறம் உக்காந்தாரா இல்லியா? உக்காந்துட்டாருல்ல? அவ்வளவுதான் விஷயம்."

பேச்சு சாயங்காலம் வரை இழுத்தது. என் மனைவி அண்ணனுக்கு இலை போட்டு, அவர் சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகு ஒரு முடிவு வந்தது. ஒரு வருஷம். மகள் பாஸானால் காலேஜுக்கு அனுப்பலாம், மச்சான் குறுக்கே நிற்க மாட்டார். பெயிலானால் வருகிற முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். உறவுக்காரர்கள் சிலர் முன்னால் சம்மதம் சொன்னேன். கையில் ஒன்றும் இல்லாமல் மேலே வந்தவனுக்குச் சொல்தான் முதல். அதை நான் ஒருநாளும் மாற்றியதில்லை.

இங்கிலீஷ், கணக்கு, சரித்திரம் எல்லாவற்றுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா கிடைத்தார். சயன்ஸுக்கு மட்டும் அந்த வட்டாரத்தில் ஒரு பெண்பிள்ளை கிடைக்கவில்லை. கடைசியில் செங்கோட்டையில் ஒருவர் அகப்பட்டார். சயன்ஸ் எடுத்து பி.ஏ. பாஸ் பண்ணிவிட்டு வேலையில்லாமல் இருந்த மெலிந்த மனிதர். மலையாள வாடை கலந்து பேசுவார். எது நடந்தாலும் முதலில் "சாரமில்லை" என்பார். பரவாயில்லை என்று அர்த்தம்.

ஆம்பிளை வாத்தியார் என்றதும் மச்சான் மறுபடி வந்தார். இரண்டு கட்டளை போட்டார்.

"அவன் கண்ணுல இவ படக் கூடாது. இவ கையெழுத்து அவன் கைக்குப் போகக் கூடாது. சிலேட்டும் கெடையாது, துண்டுத் தாளும் கெடையாது. வாயால பதில் சொல்லட்டும், நீரு பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிடும்."

அந்தக் காலத்தில் இது ஒன்றும் விசேஷமில்லை. வயதுக்கு வந்த பெண்ணின் கையெழுத்து அந்நியன் சட்டைப்பையில் இருந்தது என்று யாராவது ஒரு பேச்சுக் கிளப்பினால் போதும், அவள் வாழ்க்கை முடிந்தது. நானும் சரி என்றேன்.

பாடத்தை எங்கள் தென்காசி வீட்டில் வைக்கவில்லை. தெருவே வேடிக்கை பார்க்கும். சீசன் முடிந்து புரட்டாசிக்கு மேல் குற்றாலம் வெறிச்சென்று ஆகிவிடும். பங்களாக்களில் குரங்குகள்தான் குடியிருக்கும். அதில் ஒன்றில் வைத்துக்கொண்டோம். அறைக்குள் மகளும் அவள் அம்மாவும். வராந்தாவில் செங்கோட்டை வாத்தியார்; சார்வாள் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். வாசலில் ஒரு ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டேன். வராந்தாவுக்கும் அறைக்கும் நடுவே, நிலைப்படியில் நான்.

இங்கேதான் ஒரு தொல்லை வந்தது. மற்றப் பாடமெல்லாம் காதால் கேட்டால் போதும். சயன்ஸ் அப்படி இல்லை, படம் வேண்டும். சார்வாளிடம் இருந்த ஒரே புத்தகத்தில் படம் போட்ட தாள்களை அவருடைய காலேஜ் தோழர்களே கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். யுத்த காலம். காகிதத்துக்குத் தட்டுப்பாடு. மதராஸுக்கு எழுதிப் போட்டும் வேறு புத்தகம் வரவில்லை. கரும்பலகையில் வரைந்தால் ஜமுக்காளம் மறைக்கிறது. பி.ஏ. படித்தவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

மூன்றாம் வகுப்புப் படித்த நான்தான் வழி கண்டுபிடித்தேன். மெல்லிய மல் துணியை ஒரு மரச்சட்டத்தில் இழுத்து ஆணி அடித்தேன். ஜமுக்காளத்தை எடுத்துவிட்டு அதை வாசலில் நிறுத்தினேன். சலவை நீலத்தைக் கரைத்துத் தூரிகையால் இந்தப் பக்கம் கோடு போட்டால், வராந்தா வெளிச்சத்தில் அந்தப் பக்கம் இருட்டறைக்குள் பளிச்சென்று தெரியும். பாடம் முடிந்ததும் ஓடையில் அலசிக் காயப்போட்டால் மறுநாளைக்குப் புதுத் துணி. சார்வாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மச்சான் வந்து அறைக்குள் உட்கார்ந்து சோதனை போட்டார். "மாப்ளே, அவன் மூக்கு தெரியுது!" என்று கத்தினார். அதன் பிறகு சார்வாள் வரைந்து முடித்ததும் சுவரோரமாக ஒதுங்கி உட்கார்ந்து, ஒரு நீளக் கம்பால் தொட்டுத் தொட்டுச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

முதல் நாள் அவர் படத்துக்குப் பக்கத்தில் பெயர்களையும் இங்கிலீஷில் எழுதினார். உள்ளேயிருந்து மகள் சொன்னாள்: "அப்பா, எழுத்தெல்லாம் திரும்பித் தெரியுது."

"சாரமில்லை. எழுத்து வேண்டாம். படத்தைப் பாத்துக்கோ, பேரை நான் வாயால் சொல்லுதேன்" என்றார் சார்வாள்.

அப்படியே நடந்தது. காற்றின் அழுத்தம் பார்க்கிற பாரமானியை வரைந்தார். பூவை நெடுக்காக வெட்டினால் எப்படி இருக்கும் என்று வரைந்தார். லென்ஸில் வெளிச்சம் வளைவதை வரைந்தார். கம்பால் தட்டிப் பெயர் சொல்வார், அவள் உள்ளே வரைந்துகொண்டு திருப்பிச் சொல்வாள். ஒரு தடவை சொன்னால் போதும், அப்படியே ஒப்பிப்பாள். ஐப்பசி மழையில் அருவி இரைகிற சத்தத்துக்கு மேல் அவள் குரல் கேட்கும். ஆக்ஸிஜன், கார்பன் எல்லாம் எனக்கே பாடமாகிவிட்டது. அட்டை கடித்து ரத்தம் வழிவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

மார்கழியில் இதயம் வரைந்தார். மேலே இருக்கிற இரண்டு அறைக்கும் ஆரிக்கிள் என்று பேர். அதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். "இது நிச்சயமா வரும் அண்ணாச்சி. இதைச் சரியாப் போட்டா பாதிக் கரை ஏறின மாதிரி." மகள் அதை எத்தனை தடவை வரைந்தாளோ, கண்ணை மூடிக்கொண்டு வரைவேன் என்று அம்மாவிடம் சொன்னாளாம்.

பங்குனியில் பரீட்சை. திருநெல்வேலிக்கு ரயிலில் கூட்டிக்கொண்டு போய், ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்கினோம். சயன்ஸ் கடைசி. சார்வாளும் அன்று செங்கோட்டையிலிருந்து வந்து வெயிலில் மரத்தடியில் நின்றார். எழுதிவிட்டு வெளியே வந்தவளின் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சிரித்துக்கொண்டு வந்தாள்.

திரும்பும்போது எல்லோரும் ஒரே ரயில் பெட்டியில் ஏறினோம். பரீட்சைதான் முடிந்துவிட்டதே, இனி என்ன மறைப்பு என்று என் மனைவியே சொல்லிவிட்டாள். அத்தனை மாதம் பாடம் சொன்ன மனிதரை மகள் அன்றுதான் நேரில் பார்த்தாள். அவரும் அவளை.

"என்னெல்லாம் கேட்டான் அம்மா?"

"இதயம் வந்துது சார். முதல் கேள்வியே அதுதான். காந்த ஊசியும் வந்துது."

"அடடா! எப்படிப் போட்டே?"

எஞ்சின் கரித்தூள் பெஞ்சுப் பலகையில் படிந்திருந்தது. அவள் அதில் விரலால் வரைந்தாள். மளமளவென்று வரைந்தாள். அவள் கையால் போட்ட கோட்டை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சார்வாள் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "வலது ஆரிக்கிள் எங்க?" என்று கேட்டார்.

"இங்கன, வலது பக்கம்."

"பரீட்சையிலயும் இப்படியா போட்டே?"

"ஆமா சார். அழகா வந்துச்சு."

அவர் "சாரமில்லை" என்று சொல்லவில்லை. எழுந்து போய் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் போனேன்.

"என்ன சார்வாள்?"

"அண்ணாச்சி, அந்தப் படம் நமக்கு எதிர்ல நிக்கிற ஆளோட நெஞ்சு மாதிரி. அவரோட வலது பக்கம் நம்ம இடது கைப் பக்கம் வரணும். நான் துணியில அப்படித்தான் போட்டேன். அவ துணிக்குப் பின்னால இருந்துல்லா பாத்தா."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் தன் உள்ளங்கையைக் காட்டி, பிறகு புறங்கையைத் திருப்பிக் காட்டினார். அப்போது விளங்கியது. எழுத்து திரும்பித் தெரிந்தபோது படமும் திரும்பியிருக்கிறது. பாரமானியைத் திருப்பினாலும் பாரமானிதான். பூவும் அப்படித்தான். அதனால் யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கோ வலது வலப்பக்கம் இருந்ததால் சந்தேகமே வரவில்லை. கம்பியில் மின்சாரம் ஓடும்போது காந்த ஊசி எந்தப் பக்கம் திரும்பும் என்று போட்ட படமும் அதே கதிதான் என்றார்.

"அவ வரைஞ்ச ஒரு தாளை நான் பாத்திருந்தா போதும் அண்ணாச்சி. ஒரே ஒரு தாளை" என்றார்.

அவள் பெஞ்சிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தென்காசிக் கோபுரம் தெரிந்தபோது அவள் முந்தானையால் பலகையைத் துடைத்தாள்.

ரிசல்ட் பேப்பரில் நம்பராக வந்தது. சார்வாள்தான் வாங்கிக்கொண்டு வந்தார். அவள் நம்பருக்கு முந்தினது இருந்தது. பிந்தினதும் இருந்தது. சயன்ஸில் மட்டும்தான் போயிற்று என்று பிறகு மார்க்கு வந்தபோது தெரிந்தது. அந்தப் படத்தால்தான் போயிற்றா, வேறு எதனாலா என்று யாரால் சொல்ல முடியும்? திருத்திய தாளை யார் காட்டுவார்கள்?

மச்சான் வெற்றிலை பாக்கோடு வந்த அன்று சார்வாளும் வந்தார். கூப்பிடாமலே வந்தார்.

"இன்னொரு தடவை எழுதட்டும் அண்ணாச்சி. நான் சும்மா வந்து சொல்லித் தாரேன். அவளுக்கு எல்லாம் தெரியும். தப்பு அவளோடது இல்லை."

மச்சான் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார்: "யாரோட தப்புன்னு நானா கேட்டேன்? பாஸா, பெயிலா? அதைச் சொல்லும்."

சார்வாள் என்னைப் பார்த்தார். மச்சானும் என்னைப் பார்த்தார். உள்ளே வளையல் சத்தம் நின்றுவிட்டது. நான் எத்தனையோ பெரிய மனிதர்களிடம் பேசி ஜெயித்தவன். ஆனால் இது உறவுக்காரர்கள் முன்னால் நானே கொடுத்த சொல். "முகூர்த்தம் பாரும் மச்சான்" என்றேன்.

கல்யாணத்தைப் புளியங்குடியே பேசும்படி செய்தேன். மாப்பிள்ளை கெட்டவன் இல்லை. தோட்டமும் தொழிலுமாக இருந்தான். மகளுக்கு அங்கே குறை ஒன்றும் கிடையாது. எலுமிச்சைக் காயைத் தரம் பிரிக்கிற பெண்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டு இருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து சாரல் சமயத்தில் வந்திருந்தாள். பங்களாவில் ஒரு வக்கீல் குடும்பம் தங்கியிருந்தது. வக்கீலின் மனைவி, "உங்க பொண்ணா? படிச்சிருக்காளா?" என்று விசாரித்தாள். எனக்கு அது போதாதா? "மெட்ரிகுலேஷன் எழுதினவ, அம்மா. குற்றாலத்துலயே வச்சு, வாத்தியார் போட்டு, சயன்ஸெல்லாம் படிச்சவ. இந்த ஜில்லாவுல எவன் செஞ்சான்?" என்றேன். அந்த அம்மாள் ஆச்சரியப்பட்டு, "அப்படியா, பாஸ் பண்ணினாளா?" என்றாள்.

நான் பதில் சொல்லுவதற்குள் மகள், "இல்லை அம்மா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிறகு நான் போனபோது அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அப்பா, நீங்க உங்களைப் பத்தி என்ன வேணாலும் சொல்லுங்க. பங்களாவைச் சொல்லுங்க, ஜட்ஜைச் சொல்லுங்க. இதை மட்டும் யார்ட்டயும் சொல்லாதிய."

சரி என்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ சீசன் வந்தது, எத்தனையோ பெரிய மனிதர்கள் வந்து தங்கினார்கள். பிள்ளைகள் எத்தனை, என்ன படிப்பு என்று கேட்டார்கள். ஒரு மகள், புளியங்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். போன தையில் அவள் காலமாகிவிட்டாள். இனி சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்ல உட்கார்ந்தால் பெருமை வரவில்லை.